கணித மேதை சீனிவாச இராமானுஜன்



கல்லூரிப் பரீட்சையில் தவறிய ஒருவரின் குறிப்பேடுகளை இன்று உலகத்துக் கணித அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். அவரே சீனிவாச இராமானுஜன்.

1887ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதி ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் புடைவைக் கடையொன்றிற் கணக்கெழுதியவர், தாயார் கோமளத்தம்மாள். பள்ளிப் பருவத்தில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த நூலொன்று அவர் கைக்கு எட்டியது. அதிலிருந்த ஏறத்தாழ 5,000 முடிபுகளுட் பெரும்பாலானவற்றுக்கு விரிவான நிறுவல் இல்லை. அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கியவர், நூலில் இல்லாத புதியனவற்றையும் காணலானார்.

கணிதத்தில் மூழ்கியமையால் ஏனைய பாடங்கள் கைநழுவின. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறிப் புலமைப்பரிசிலை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையிற் சித்தியெய்தவில்லை. பட்டமின்றி வேலை தேடி அலைந்த காலத்தில் குறிப்பேடே அவருடைய நற்சான்றிதழ். அதனைக் கண்டு வியந்த இராமசாமி ஐயர், இராமச்சந்திர ராவ் முதலியோர் துணைநின்றனர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். 1913 ஜனவரியிற் கேம்பிறிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம், 1914இல் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றது.

அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்றை நீங்களும் செய்து பார்க்கலாம். நான்கு கச்சான் கொட்டைகளைக் குவியல்களாகப் பிரியுங்கள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து வழிகள். 9ஐ 30 வழிகளிலும் 14ஐ 135 வழிகளிலும் பிரிக்கலாம். 4, 9, 14, 19 என 4இலோ 9இலோ முடியும் எந்த எண்ணுக்கும் வழிகளின் தொகை 5ஆல் மீதியின்றி வகுபடும் என்று இராமானுஜன் நிறுவினார். 100ஐப் பிரிக்கும் வழிகளோ 190,569,292!

கடதாசி வாங்க வசதியற்ற அவர் கற்பலகையிற் கணித்து, முழங்கையால் அழித்துவிட்டு, முடிபை மட்டுமே குறிப்பேட்டில் எழுதினார். அம்முடிபுகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை. செய்கை வழி இல்லாமையால், அவற்றை நிறுவி ஐந்து தொகுதிகளாக வெளியிட அமெரிக்கப் பேராசிரியர் புறூஸ் பேண்ட் பல்லாண்டுகள் உழைத்தார். முதன்மை எண்கள் பற்றி இராமானுஜன் ஹார்டிக்கு எழுதியவற்றுட் சில பிழையாகவும் இருந்தன. “வழியை எழுதுக” என்று ஆசிரியர் வற்புறுத்துவது ஏனென்று இப்போது விளங்குகின்றதல்லவா?

1918இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். நோயுற்று 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் திகதி, 32ஆவது வயதில் மறைந்தார். இறுதி ஆண்டிலும் எழுதியவாறே இருந்தார். அத்தாள்களை 1976இல் திரினிற்றிக் கல்லூரி நூலகத்தில் ஜோர்ஜ் அன்ட்ரூஸ் கண்டெடுத்தார்.

மாணவர்களே, உங்களுட் சிலர் படிப்பின் இடைநடுவில் இந்நாட்டுக்கு வந்து பிரெஞ்சு மொழியில் இடறுகின்றீர்கள். ஒரு பாடத்தின் புள்ளி உங்கள் அறிவின் அளவன்று. ஆயினும், தவறியதால் இராமானுஜன் மேதையானார் என்று எண்ணற்க. தவறியதால் அவர் இழந்த ஆண்டுகள் பல. மொழியையும் விடாது கற்றுக்கொள்ளுங்கள். பெற்றோரே, புள்ளிகளைப் பார்க்குமுன் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியைத் திறந்து பாருங்கள். இராமானுஜனை உலகுக்குத் தந்தவர்கள் அவருடைய கொப்பியைத் திறந்து பார்த்தவர்களே.

பயிற்சி: 5ஐயும் 6ஐயும் எத்தனை வழிகளிற் பிரிக்கலாம்? எல்லா வழிகளையும் எழுதிக் காட்டுக.