ஒரு கிலோ வடு, ஒரு முறம் வேப்பம்பூ

பனி விலகி மாசி பிறந்ததும் சந்தையில் மாவடு தலைகாட்டும். பங்குனி பாதிவரை கிடைக்கும். அப்புறம் கொட்டை முற்றிவிடும். எழுபதைத் தாண்டியவர்கள் பலர் "இனிமே யாரால முடியும், கடையில வாங்கிக்கலாம்" என்று பின்வாங்குவதும் இந்தச் சமயத்தில்தான். படிக்கணக்கில் போட்ட காலத்து நினைப்பு அப்படி மிரட்டுகிறது. வீட்டில் இரண்டே பேர் என்றால் ஒரு கிலோ தாராளம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்டுவிடலாம்.

பாதி வேலை வாங்குவதில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கே சந்தைக்குப் போய்விடுங்கள். கூடை அப்போதுதான் இறங்கியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. மூக்குக்கண்ணாடியை மறக்க வேண்டாம். காற்றில் உதிர்ந்த வடுவில் அடிபட்ட இடம் லேசாகக் கறுத்திருக்கும். ஜாடியில் முதலில் அழுகி மற்றதையும் கெடுப்பது அதுதான். காம்போடு பறித்ததாகக் கேளுங்கள். காம்பைக் கிள்ளினால் பால் துளிர்க்க வேண்டும். ஒன்றை நறுக்கினால் கத்தி கொட்டையில் தட்டாமல் இறங்க வேண்டும். நீளமா உருண்டையா என்பது அவரவர் வீட்டு வழக்கு. என் ஓட்டு உருண்டைக்கு. அந்தப் பால் வாசனையை முகர்ந்துகொண்டு கடைக்காரரோடு விலை பேசுவதற்காகவே நடந்து போகலாம் என்பேன்.

வீட்டுக்கு வந்ததும் காம்பைக் கால் அங்குலம் விட்டுக் கிள்ளி, வடுவைக் கழுவி, பழைய வேட்டித் துணியில் நிழலில் பரப்புங்கள். ஈரம் துளியும் இருக்கக் கூடாது. அவசரம் வேண்டாம், மறுநாள் காலையில் போட்டால் போதும்.

ஒரு கிலோவுக்கு விளக்கெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, கல் உப்பு 150 முதல் 200 கிராம். எண்ணெயைக் கையால் புரட்டித் தடவி, ஜாடியில் ஒரு வரிசை வடு, ஒரு பிடி உப்பு என்று அடுக்கி, வாயைத் துணியால் கட்டுங்கள். பெரிய பீங்கான் ஜாடியைப் பரணிலிருந்து இறக்கும் வீரம் இந்த வயதில் வேண்டாம்; அகல வாய் உள்ள கண்ணாடி பாட்டில் போதும். ஜாடியைத் தூக்கிக் குலுக்குவதற்குப் பதில், நீளக் காம்புள்ள மரக்கரண்டியால் காலையும் மாலையும் அடியோடு புரட்டிவிடுங்கள். கரண்டி நன்றாகக் காய்ந்திருக்கட்டும்.

மூன்றாம் நாள் உப்பு கரைந்து தண்ணீர் விட்டிருக்கும். வாரம் ஆவதற்குள் வடு சுருங்கத் தொடங்கும். தோலில் விழும் சுருக்கத்தைப் பார்த்து "நம்ம கட்சிக்கு வந்தாச்சு" என்று வீட்டில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அப்போது அந்த உப்புநீரில் கொஞ்சம் எடுத்து, 50 கிராம் காய்ந்த மிளகாய், 25 கிராம் கடுகு, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் சேர்த்து அரைத்து உள்ளே விட்டுக் கிளறுங்கள். வடு தண்ணீரில் முழுகவில்லை என்றால், தனியாக உப்புநீர் கொதிக்கவைத்து நன்றாக ஆறியபின் ஊற்றலாம். இன்னும் இரண்டு வாரம் ஊறினால் தயிர்சாதத்துக்குத் தயார்.

இதில் உப்பு மிக அதிகம். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்தாலும் ஒரு வேளைக்கு ஒரு சின்ன வடு. அன்று அப்பளத்துக்கும் வற்றலுக்கும் விடுமுறை. பல் ஆடினால் கடிக்காமல் நசுக்கிப் பிசைந்துகொள்ளலாம்.

வடு ஊறுகிற நாட்களில் வேப்பமரம் பூக்கும். இதற்குச் செலவே இல்லை. மரத்தடியில் முதல் நாள் இரவே துணி விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டால், விடியலில் பூ உதிர்ந்து கிடக்கும். குனிந்து பொறுக்காமல் துணியைச் சுருட்டி எடுத்து வந்து, மேசையில் கொட்டி, இலையையும் குச்சியையும் நீக்குங்கள். பேசிக்கொண்டே செய்ய இதைப் போல வேலை கிடையாது. பக்கத்து வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். முறத்தில் பரப்பி இரண்டு மூன்று நாள் வெயில் காட்டினால் சருகாகிவிடும். மொட்டைமாடிக்கு ஏற வேண்டாம், ஜன்னலோர வெயிலே போதும். நெய்யில் சிறுதீயில் கருஞ்சிவப்பாக வறுத்து ரசத்தில் போடலாம், சூடான சாதத்தில் பிசையலாம். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடிக்கென்று ஒரு கைப்பிடி தனியாக எடுத்து வையுங்கள்.

வடாம் பிழிவதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கொதிக்கும் கூழும் மாடிப்படியும் சேர்ந்தால் நமக்கு ஆகாது.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வடு கொடுத்தனுப்புவதானால் நன்றாக ஊறி முடியட்டும். தண்ணீரை வடித்து, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, இரட்டை உறை போட்டு, விமானத்தில் பெரிய பெட்டியோடு போட்டுவிடச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடக்கூடும். அந்த நாட்டில் இதை அனுமதிப்பார்களா என்று பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது.