‘காட்ஃபாதர்’ பார்த்துவிட்டு சிசிலிக்குக் கிளம்புகிறவர்களுக்கு

மைக்கேல் கொர்லியோனே தோளில் கோட்டைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கி ஏந்திய இரண்டு காவலர்களோடு மலைப்பாதையில் நடந்துபோகும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, ஆயுளில் ஒருமுறையாவது சிசிலிக்குப் போகவேண்டும் என்று தோன்றியிருக்கும். ஆசையில் தவறில்லை. படத்தையே வரைபடமாக நம்பி டிக்கெட் போடும்போதுதான் வம்பு. பயணத் திட்டம் போடுகிறவர்கள் உண்மை என்று எண்ணிக்கொண்டிருக்கும் சில விஷயங்களைப் பார்ப்போம்.

நம்பிக்கை: படத்தில் காட்டும் கொர்லியோனேதான் நிஜமான கொர்லியோனே.

கொர்லியோனே என்றொரு ஊர் இருக்கிறது. பலேர்மோவுக்குத் தெற்கே, கடலைப் பார்க்காத உள்நாட்டு ஊர். 1972-ல் வெளிவந்த முதல் பாகத்துக்காக இயக்குநர் கொப்பலாவுக்கு 1940களின் கிராமம் தேவைப்பட்டது. நிஜ கொர்லியோனே அதற்குள் நவீனமாகிவிட்டிருந்தது. ஆகவே படக்குழு தீவின் மறுகோடிக்கு, கிழக்குக் கடற்கரைக்கு மேலே குன்றுகளில் இருக்கும் சவோகாவுக்கும் ஃபோர்சா தக்ரோவுக்கும் போனது. அப்பொல்லோனியாவின் அப்பாவிடம் மைக்கேல் பெண் கேட்கும் ‘பார் விட்டெல்லி’ சவோகாவில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றின் கீழ்த்தளத்தில் இன்றும் நடக்கும் கடை அது. வெளியே உட்கார்ந்து எலுமிச்சை கிரனீத்தா சாப்பிடலாம். திருமணம் நடக்கும் சான் நிக்கோலோ தேவாலயமும் அதே ஊரில் நடந்துபோகும் தூரம்தான். கார் வெடிக்கும் வீடு இன்னும் தெற்கே, எட்னா எரிமலைப் பக்கம் ஃபியுமெஃப்ரெட்டோவில் இருக்கிறது. அது தனியார் சொத்து. முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்யாமல் போனால் வாசலோடு திரும்பவேண்டியதுதான்.

நம்மூர் ரசிகருக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. ‘காட்ஃபாதர்’ சாயல் படிந்த ‘நாயகன்’ படத்துத் தாராவியைத் தோட்டா தரணி சென்னையில்தான் எழுப்பினார். அதற்குத் தேசிய விருதும் வாங்கினார். ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தில் சிறுவன் வீட்டோ வந்திறங்கும் எல்லிஸ் தீவு நியூயார்க் அல்ல, வட இத்தாலியின் திரியெஸ்தே நகரத்து மீன் சந்தை. ஹவானா என்று காட்டியது டொமினிக்கன் குடியரசின் சாந்தோ டொமிங்கோ.

நம்பிக்கை: பலேர்மோவில் தங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

முடியாது. பலேர்மோவுக்கும் சவோகாவுக்கும் இடையே தீவின் முழு அகலம் கிடக்கிறது. போய்த் திரும்பவே ஒரு பகல் தீர்ந்துவிடும். படப்பிடிப்பு ஊர்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் கட்டானியாவில் விமானம் இறங்கி, தாவோர்மினாவிலோ செலவு குறைவாக சாந்தா தெரேசா தி ரீவாவிலோ தங்குங்கள். மெஸ்ஸினா - கட்டானியா ரயில் கடலை ஒட்டியே ஓடுகிறது. சாந்தா தெரேசாவிலிருந்து சவோகா சில கிலோமீட்டர்தான், ஆனால் வளைந்து ஏறும் மலைச்சாலை. பஸ் குறைவு, டாக்சி பேசிக்கொள்வது நல்லது. ரோமிலிருந்து ரயிலில் வந்தால் இன்னொரு வேடிக்கை உண்டு. மெஸ்ஸினா நீரிணையில் ரயில் பெட்டிகளைக் கப்பலுக்குள் ஏற்றி அக்கரை சேர்க்கிறார்கள்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். பழைய நகர மையங்கள் பலவற்றில் வெளியார் வண்டிக்குக் கட்டுப்பாடு உண்டு. கேமரா படம் பிடிக்கும், அபராதச் சீட்டு பிறகு வீடு தேடி வரும்.

நம்பிக்கை: மாஃபியா என்பது சிசிலிக்காரர்களுக்கு ஒரு பெருமை.

கதையைத் தலைகீழாகப் படித்ததால் வரும் எண்ணம் இது. பலேர்மோவில் இறங்கும் விமான நிலையத்தின் பெயரே ஃபல்கோனே - போர்செல்லினோ. மாஃபியா வழக்குகளை நடத்திய இரண்டு நீதித்துறை அதிகாரிகள் அவர்கள். 1992 மே மாதம் கப்பாச்சியில் நெடுஞ்சாலைக்கு அடியில் குண்டு வைத்து ஜொவான்னி ஃபல்கோனேயைக் கொன்றார்கள். அவர் மனைவியும் மெய்க்காவலர்கள் மூவரும் கூடவே செத்தார்கள். இரண்டு மாதம் கழித்து பாவ்லோ போர்செல்லினோவை பலேர்மோ தெருவிலேயே முடித்தார்கள். உத்தரவு போட்ட தலைவன் தோத்தோ ரீனா, நிஜக் கொர்லியோனேக்காரன். அதே ஊர்க்காரர்தான் தொழிற்சங்கவாதி பிளாசிதோ ரிசொத்தோவும். அவரை மாஃபியா கொன்றது 1948-ல். மைக்கேல் ஒளிந்துவாழ்வதாகக் கதை சொல்லும் அதே காலகட்டம்! படத்தில் ரிசொத்தோவுக்கு இடமில்லை.

இன்று கொர்லியோனேயில் பார்க்கத் தகுந்தது மாஃபியா எதிர்ப்பு ஆவண மையம். விசாரணை ஆவணங்களும் புகைப்படங்களும் அங்கே இருக்கின்றன. பலேர்மோ கடைகளில் ‘அத்தியோபித்சோ’ என்ற ஒட்டுவில்லை கண்ணில் பட்டால் அங்கே வாங்குங்கள். மாமூல் கட்டமாட்டோம் என்று சொல்லும் வணிகர்களுக்குத் துணைநிற்கும் இயக்கம் அது, 2004-ல் தொடங்கியது. மார்லன் பிராண்டோ முகம் போட்ட பனியனும் பொம்மைத் துப்பாக்கியும் தாராளமாக விற்கிறார்கள்தான். வாங்காமல் வருவதே மரியாதை என்பது என் கட்சி. அண்ணனைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய்க் கொன்றவனின் வசனத்தைப் பேசிக்காட்டுவோமா?

நம்பிக்கை: மூன்றாம் பாகத்தின் ஓபரா காட்சி முழுக்க பலேர்மோ தெயாத்ரோ மாஸ்ஸிமோவில் எடுத்தது.

படிக்கட்டு அங்கேதான், ஐயமில்லை. ஆனால் பழுதுபார்க்க என்று 1974-ல் மூடிய அந்த அரங்கம் 1997-ல்தான் திறந்தது. படம் வந்ததோ 1990-ல். இப்போது டிக்கெட் வாங்கி உள்ளே சுற்றிப்பார்க்கலாம், படக்குழுவுக்குக் கிடைக்காத வாய்ப்பு. ‘சினிமா பாரதீசோ’ ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை: பலாத்சோ அத்ரியானோ ஊரின் சதுக்கம் இருக்கிறது, அந்தத் தியேட்டர் இல்லை. படத்துக்காகப் போட்ட செட் அது.

நம்பிக்கை: ஐரோப்பா என்றால் ஜூலை, ஆகஸ்ட்.

சிசிலிக்கு இது பொருந்தாது. 2021 ஆகஸ்டில் சிரகூசா அருகே 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஐரோப்பாவிலேயே அதுதான் உச்சம். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி இத்தாலியர்களே விடுமுறைக்குக் கிளம்புவதால் அறை வாடகையும் ஏறிவிடும். நம் பள்ளி விடுமுறை வரும் ஏப்ரல், மே மாதங்கள்தான் அங்கே அருமையான பருவம். சென்னை வெயிலுக்குத் தப்பிப் போகிறவர்கள் ஆகஸ்டில் போய் மறுபடி அதிலேயே மாட்டுவானேன்?

நம்பிக்கை: சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினிதான்.

கடலைமாவைக் காய்ச்சி, துண்டு போட்டு, எண்ணெயில் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தரும் ‘பனெல்லே’ பலேர்மோவின் தெருவோரத் தீனி. கத்தரிக்காயும் தக்காளியும் சேர்த்த ‘பாஸ்தா அல்லா நோர்மா’ கட்டானியாவின் பெருமை. அரான்சினி உருண்டையில் மட்டும் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

நம்பிக்கை: ஷெங்கன் விசாவை எந்த நாட்டுத் தூதரகத்தில் எடுத்தாலும் சரி.

அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்கவேண்டும். சிசிலிதான் முக்கியம் என்றால் இத்தாலி. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கடைசியாக ஒன்று. இலங்கையிலிருந்து போன தமிழர்கள் பலேர்மோவில் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். நகரின் காவல் புனிதை ரொசாலியாவின் குகைக்கோயில் மொந்தே பெல்லெக்ரீனோ மலைமேல் இருக்கிறது. கத்தோலிக்கரும் இந்துக்களுமாகத் தமிழ்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஏறிப்போகின்றன. உங்கள் திட்டத்தில் ஒரு ஞாயிறு காலையை இதற்கு ஒதுக்கிவையுங்கள். எந்த ‘காட்ஃபாதர்’ சுற்றுலாவிலும் இது இருக்காது.