நிழலைப் பிடித்து வைத்த கலை

கறுப்பு வெள்ளைப் படம் என்றால் நிறம் குறைந்த படம் என்றே நம் மாணவியர் பலர் எண்ணுகிறார்கள். கைத்தொலைபேசியில் நிறத்தை நீக்கிவிட்டால் பழைய படம் போல ஆகிவிடும் என்பதும் அவர்கள் நினைப்பு. 1930 முதல் 1970 வரை நம் நாட்டில் கமரா தூக்கியவர்களுக்கு அது குறையாகத் தோன்றவில்லை. சித்திரப் பாடத்தில் ஒரு பென்சிலை மட்டும் வைத்துக்கொண்டு மண்குடத்தின் உருட்சியைக் காட்டப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நிறம் இல்லாதபோது ஒளியும் நிழலும்தான் பேச வேண்டும்.

தமிழில் ‘நிழற்படம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. இதற்கு முஸ்லிம்களின் அறிவு வரலாற்றோடும் உறவு உண்டு. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தமது ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் இருட்டறைச் சோதனை ஒன்றை விவரித்தார். சுவரில் ஒரு சிறு துளை. அதற்கு வெளியே பல விளக்குகள். உள்ளே இருட்டில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒளிப்பொட்டு விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, துளையில் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. கமராவின் தத்துவமும் இதுதான்.

நம் வீட்டு மூத்தவர்கள் சிலர் படம் எடுப்பதற்கு இணங்காமல் இருந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மார்க்கப் பேணுதலால் வந்த தயக்கம். அதைப் பத்தாம்பசலித்தனம் என்று சொல்லிவிடக் கூடாது. உலமாக்களும் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார்கள். எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ இதற்கென்றே ஒரு சிறுநூல் எழுதினார். கமராவால் எடுப்பது புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதாகாது, இருக்கின்ற நிழலைத் தடுத்து வைப்பதுதான் என்பது அவருடைய வாதம். அந்த அரபு வாதமும் நம் ‘நிழற்படம்’ என்ற சொல்லும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை நான் எப்போதும் வியப்போடுதான் நினைப்பேன்.

அந்த நிழல் எப்படித் தங்குகிறது? பிலிமில் வெள்ளி உப்புகள் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட இடத்து உப்பு, இரசாயனக் கரைசலில் இடும்போது கறுத்த வெள்ளியாக மாறும். ஒளி படாத உப்பை ‘ஹைப்போ’ கரைத்து நீக்கிவிடும். வெளிச்சம் கறுப்பாகவும் இருள் வெளியாகவும் தெரியும் இந்த நெகட்டிவ்வை ஒளிபெருக்கியில் வைத்து, அதன் ஊடாகத் தாளில் ஒளியைப் பாய்ச்சினால் எல்லாம் மறுபடி நேராகிவிடும். மங்கலான சிவப்பு விளக்கின் கீழ் நடக்கும் இந்த வேலையில்தான் கலைஞனின் கை தெரியும். ஒரு முகம் அதிகம் கறுத்துவிடும் போலிருந்தால், தாளுக்கும் ஒளிக்கும் இடையே தன் கையையோ கம்பி முனையில் ஒட்டிய சிறு அட்டைத் துண்டையோ சில விநாடி அசைத்து அந்த இடத்தை வெளிறச் செய்வான். வானம் வெறுமையாக இருந்தால் அங்கு மட்டும் இன்னும் சில விநாடி ஒளி கொடுப்பான். நெகட்டிவ் இசைக்குறிப்பு, அச்சுப்படம் அதன் வாசிப்பு என்று ஒப்பிட்டவர் அமெரிக்கரான அன்செல் அடம்ஸ். அவர் பியானோ கற்றவர்.

நம் நாட்டின் லயனல் வென்ட்டும் பியானோ கலைஞரே. 1900இல் பிறந்து 1944இல் மறைந்த அவர் இலண்டனில் சட்டமும் இசையும் படித்துவிட்டுத் திரும்பியவர். கிராமத்து மனிதர்கள், மரங்கள், இடிபாடுகள், நீர்நிலைகள் என்று அவர் எடுத்த படங்கள் 1938இல் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இருட்டறையில் படம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் ஒளி காட்டி, விளிம்புகளை மின்னச் செய்யும் முறையையும் அவர் கையாண்டார். 1943இல் தொடங்கிய ‘43 குழு’ ஓவியர்களுக்கு அவர் பெருந்துணை. அவருடைய நெகட்டிவ்கள் அவர் மறைவுக்குப் பின் அழிந்துபோயின. அவர் அச்சிட்டு வைத்த தாள்களால்தான் இன்று அவரை அறிகிறோம். கொழும்பில் அவர் பெயரில் உள்ள அரங்கில் நாடகம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் படம்பிடித்தவர் என்று தெரியுமோ!

வென்ட்டுக்குத் தேயிலையோடும் ஒரு தொடர்பு இருந்தது. பஸில் ரைட் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற 1934ஆம் ஆண்டுக் கறுப்பு வெள்ளை ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தவர் அவரே. அதற்குப் பணம் தந்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை.

தேயிலையை விற்பதற்காக எடுத்த படங்கள் நம் மலைகளிலும் ஏராளம். தபாலட்டைகளிலும் விளம்பரங்களிலும் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் சிரிப்பாள். கீழே ‘டமில் கூலி’ என்றோ ‘கொழுந்து பறிப்பவள்’ என்றோ எழுதியிருக்கும். அவள் பெயர் இருக்காது. படத்தின் ஒளியமைப்பு நன்றாகவே இருக்கும். நமுனுகுலைப் பக்கத்து மூடுபனி பின்னால் அடுக்கடுக்காக வெளிறிச் செல்வதுபோல் அழகான காட்சியை வேறெங்கும் காண்பது அரிது. ஆனால் அந்தப் படம் அவளுக்காக எடுக்கப்பட்டதல்ல, அவள் கைக்கு வந்ததும் அல்ல.

பதுளை போன்ற நகரங்களின் ஸ்டூடியோக்களில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே தோட்டத்துப் பெண் தானே புடவையைத் தெரிவு செய்து, தலை வாரி, காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் சிரிப்பு குறைவு, நிமிர்வு அதிகம். கலை என்ற வகையில் வென்ட்டின் படங்களே உயர்ந்தவை என்பார்கள். எனக்கு இந்த ஸ்டூடியோப் படங்கள் அவற்றுக்குச் சற்றும் குறைந்தவையாகத் தெரியவில்லை.

அவற்றில் ஒரு வகை நெஞ்சைக் கனக்கச் செய்யும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று. மீதி 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. போவதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். வெறும் திரையின் முன் நேரே பார்க்கும் அந்தச் சிறு படம் அரசாங்கத்துக்கு. அதற்காக வந்த இடத்திலேயே, போகிறவர்களும் தங்குகிறவர்களுமாகச் சேர்ந்து நின்று இன்னொரு படமும் எடுத்துக்கொண்டார்கள். அது அவர்களுக்கு. பிறகு தலைமன்னாருக்குக் கொண்டுசெல்லும் ரயில். ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வாங்கிய ரயில். கடலின் இரு கரையிலும் அதே படத்தின் பிரதிகள் இருக்கின்றன.

இப்படியான படம் ஒன்று கையில் கிடைத்தால் உடனே முகங்களுக்குப் போய்விடாதீர்கள். முதலில் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பாருங்கள். மூக்கின் நிழல் சொல்லிவிடும். பிறகு கைகளைப் பாருங்கள். முகத்தைச் சரிசெய்து வைக்கலாம், கைகள் பெரும்பாலும் மறந்துபோகும். மடியில் இறுகப் பிடித்த கையும் மகளின் தோளில் விழுந்த கையும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. நிறத்தை ஊகிப்பதில் கவனம் வேண்டும். பழைய வகைப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. கூறைச் சிவப்பும் கறுப்பாகவே விழும். அதைப் பார்த்து ‘துக்க வீட்டுப் படம்’ என்று முடிவுகட்டினால் தவறிவிடும். நீல வானம் வெள்ளையாக விழுவதும் இப்படித்தான். அதைத் தவிர்க்கவே வெளியில் எடுப்பவர்கள் வில்லைமேல் மஞ்சள் கண்ணாடி பொருத்தினார்கள்.

இன்னொன்று: எண்பதுகளின் வர்ணப்படங்கள் பல சிவந்து மங்கிவிட்டன, அவற்றின் சாயம் நிலைக்காதது. உம்மும்மாவின் கறுப்பு வெள்ளைப் படமோ வெள்ளியால் ஆனது. ஹைப்போவை நன்றாகக் கழுவி எடுத்திருந்தால் நூறாண்டும் நிற்கும். கழுவாமல் விட்டவைதான் மஞ்சளித்துப்போகின்றன. அதற்கு எதிரிகள் நம் மலைநாட்டு ஈரமும் பசைத்தாள் அல்பங்களும். பசைத் தாளிலிருந்து பிய்த்தெடுக்க முயல வேண்டாம், அந்தப் பக்கத்தையே கைத்தொலைபேசியில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். தனியாக இருப்பவற்றை வெள்ளைத் தாளில் சுற்றி, ஈரச்சுவர் படாத உலர்ந்த அலுமாரியில் வையுங்கள். பெண்களின் படங்களை வெளியார் பார்ப்பதில் வீட்டாருக்கு விருப்பமில்லை என்றால் அவை வீட்டிலேயே இருக்கட்டும். பாதுகாப்பதற்குப் பகிர வேண்டியதில்லை.

ஆனால் பெயர்களைக் கேட்டு எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பேனா மை தாளில் ஊறி முன்பக்கம் தெரியும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்புறத்து ஓரத்தில் எழுத வேண்டும். நிற்பவர்களை இடமிருந்து வலமாகவும், பிறகு அமர்ந்திருப்பவர்களையும், தோட்டமானால் அதன் பெயரையும் டிவிஷனையும், தெரிந்தால் ஆண்டையும் எழுதுங்கள்.