பழைய செய்தித்தாள் சேகரித்துப் பொதுநிதி திரட்டுவது எப்படி?



ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நம் கடை ஊழியர்களில் பலர் முன்பணம் கேட்டு வந்து நிற்பார்கள். பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம் என்று எல்லாச் செலவும் அவர்களுக்கு ஒரே வாரத்தில் வந்து சேரும். சங்கத்தின் சார்பில் ஏதாவது உதவ வேண்டும் என்று ஆண்டுதோறும் பேசுகிறோம். நிதி எங்கே என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது. உறுப்பினர்களிடமே மீண்டும் மீண்டும் நன்கொடை கேட்காமல் நிதி திரட்ட ஒரு வழி, வீடுகளில் கிடக்கும் பழைய செய்தித்தாள். அதை முறையாகச் செய்வதைப் பற்றி இங்கே பார்ப்போம்.

எவ்வளவு கிடைக்கும்?

செய்தித்தாள் அச்சிடும் காகிதம் சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிராம் எடை உள்ளது. 16 பக்கம் கொண்ட பெரிய அளவு நாளிதழ் ஒன்று ஏறத்தாழ 70 கிராம் இருக்கும். மாதத்துக்கு 2 கிலோ. மூன்று மாதத்துக்கு 6 கிலோ. 200 வீடுகள் கொடுத்தால் 1,200 கிலோ. கிலோ 12 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 14,400 ரூபாய். பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தலா 1,200 ரூபாய் கொடுக்கலாம். நம் கடைகளில் தினமும் சேரும் அட்டைப்பெட்டிகளையும் சேர்த்தால் தொகை கூடும். விலை ஏறி இறங்கும் சரக்கு இது என்பதால், கையில் பணம் வருமுன் யாருக்கும் தொகை சொல்லி வாக்குக் கொடுக்கக் கூடாது.

முதலில் விலை, பிறகு சரக்கு

சேகரித்த பிறகு ஆள் தேடினால் அவர் சொன்னதே விலை. எனவே முன்கூட்டியே இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு, ஒருவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டி வாடகை யாருடையது, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, பணம் என்றைக்கு என்ற மூன்றும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

இதில் ஒரு நியாயமும் உண்டு. நம் தெருவில் பழைய பேப்பர் கடை வைத்திருப்பவரும் வணிகர்தான். வீடு வீடாக அவர் வாங்கும் சரக்கை நாம் இலவசமாக வாங்கி வெளியூருக்கு அனுப்பினால், ஊழியருக்கு உதவுகிறோம் என்று சொல்லி அவர் வயிற்றில் அடித்ததாகிவிடும். அவரையே முதலில் அழைத்து விலை கேட்போம். தரம் பிரிப்பதில் அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

தரம் பிரித்தலும் அடுக்குதலும்

ஆலையில் பழைய தாளை நீரில் கரைத்துக் கூழாக்கி, சோப்புக் கலவையும் காற்றுக் குமிழிகளும் கொண்டு மையைப் பிரிக்கிறார்கள். எண்ணெய்க் கறை படிந்த தாள் அந்தக் கூழைக் கெடுக்கும். ஆகவே எண்ணெய்த் தாள், பிளாஸ்டிக் பூசிய தாள், கார்பன் தாள் ஆகியவற்றை ஒதுக்க வேண்டும். செய்தித்தாள், வழவழப்பான வார இதழ், நோட்டுத் தாள், அட்டை என்று தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விலை வேறு.

கட்டு ஒவ்வொன்றும் 10 கிலோவாக இருக்கட்டும். சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட வேண்டும். கட்டை எண்ணினாலே எடை தெரியும். அரிசி மூட்டைக்குச் செய்வது போலப் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். கற்பூரம், தீப்பெட்டிச் சரக்கு இருக்கும் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

நாம் பட்ட அனுபவம்

முதல் தடவை நாம் இதில் இறங்கியபோது தகரக் கொட்டகையில் கட்டுகளைப் போட்டிருந்தோம். ஓர் இரவு மழையில் அடி வரிசை நனைந்தது. வாங்க வந்தவர் ஈரத்துக்குக் கழித்தார். நாம் சொல்லியிருந்த எடை ஒன்று, அவர் தராசு காட்டியது ஒன்று. கட்டுக்குக் கணக்கு எழுதியவர் யாருமில்லை. பணத்தை யாரும் தொடவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் கேட்டவர்களுக்குக் காட்ட ஒரு சீட்டுகூட இல்லை. அந்தத் தொகையைவிடப் பெரிய நஷ்டம், அடுத்த முறை கதவைத் தட்டியபோது சில வீடுகளில் கிடைத்த பதில்தான்.

அதன் பிறகு கடைப்பிடிப்பவை:

1. முத்திரை காலாவதியாகாத தராசு மட்டுமே. மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை வேண்டும்.
2. ஒவ்வொரு வீட்டுக்கும் எடை எழுதிய சீட்டு. அதன் நகல் நம்மிடம்.
3. விற்கும்போது இரண்டு உறுப்பினர்கள் உடனிருந்து கையெழுத்திட வேண்டும்.
4. பணம் நேரே சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு.
5. சேர்ந்த எடை, விற்ற எடை, கழிவு, செலவு, மீதி அனைத்தையும் ஒரு வாரத்துக்குள் எழுதிக் கடை வாசல்களில் ஒட்ட வேண்டும்.

சித்திரை, வைகாசியில் சேகரித்தால் பள்ளி திறக்கும் நேரத்துக்குப் பணம் கைக்கு வரும். கோடை மழை உண்டு என்பதால் தார்ப்பாய் தயாராக இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை

சேகரித்த தாளில் கொஞ்சம் எடுத்துப் பொட்டலம் மடிக்கலாம் என்று கை போகும். அது கூடாது. அச்சு மையில் உடலுக்குக் கேடான பொருள்கள் இருப்பதால் உணவுப் பொருளைச் செய்தித்தாளில் மடிப்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரில் எச்சரித்தது. 2018ஆம் ஆண்டின் பொதிதல் விதிகள் அதைத் தடை செய்தன. வடை, பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுக்கவும் அந்தத் தாள் ஆகாது. பொதுநலத்துக்கென்று வாங்கிய தாள் ஆலைக்கே போகட்டும்.

நாள் முழுவதும் பிறருக்கு எடை போட்டுக் கொடுப்பவர்கள் நாம். இந்த வேலையில் ஊர் நம்மை எடை போடும். அந்தத் தட்டு சரியாக நின்றால், அடுத்த ஆண்டு நாம் கேட்காமலே கட்டு கட்டி வைத்திருப்பார்கள்.