எண்ணும் பேச்சும் சேரும் கட்டம்

கலப்பு முறை ஆய்வேடுகள் பலவற்றில் ஓர் இயல் முழுக்கச் சதவீதங்கள், அடுத்த இயல் முழுக்க நேர்காணல்கள். இரண்டும் கடைசிவரை ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. இணைக்கும் வேலையைக் கேள்வி எழுதும்போதே தொடங்கிவிட வேண்டும். வட இந்தியக் கிராமங்களில் நடந்து 2014-இல் வெளிவந்த ஸ்குவாட் (SQUAT) என்ற கழிப்பறைப் பயன்பாட்டு ஆய்வு இதற்கு நல்ல பாடம். பீகார், ஹரியானா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 3,200-க்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனவர்கள், கழிப்பறை இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், வீட்டில் ஒவ்வொருவரும் எங்கே போகிறார் என்று ஆள்வாரியாகக் கேட்டார்கள். பயன்படுத்தக்கூடிய கழிப்பறை உள்ள வீடுகளிலும் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் ஒருவராவது வெளியே போவது அதனால்தான் தெரிந்தது. வீட்டுக்கு ஒரு பதில் என்று வாங்கியிருந்தால் மாமியார் உள்ளே போவதும் மகன் வயலுக்குப் போவதும் ஒரே ‘ஆம்’ என்பதற்குள் மறைந்திருக்கும்.

அடுத்து, கணக்கெடுப்புக்கும் நேர்காணலுக்கும் ஒரே வீட்டு எண்ணை இடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் எதையும் பொருத்த முடியாது. பிறகு ஒரு தாளில் மூன்று கட்டம் வரையுங்கள். இதே ஆய்வையும் அதையொட்டி நடந்த நேர்காணல்களையும் வைத்து ஒரு வரிசை நிரப்பலாம். முதல் கட்டத்தில் எண்: அரசு கட்டித்தந்த கழிப்பறைகள், மக்கள் தாமே கட்டியவற்றைவிடக் குறைவாகப் பயன்பட்டன. எண்ணை மட்டும் பார்ப்பவர் ‘கட்டுமானம் மோசம்’ என்று எழுதிவிடுவார். இரண்டாம் கட்டத்தில் பேச்சு: குழி சின்னது, சீக்கிரம் நிரம்பிவிடும், நிரம்பினால் யார் அள்ளுவது? அந்த வேலையோடு ஒட்டியிருக்கும் சாதியும் தீட்டும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. மூன்றாம் கட்டத்தில், இரண்டையும் சேர்த்தால் மட்டுமே கிடைக்கும் முடிவு: தீண்டாமையைத் தொடாமல் கழிப்பறையை மட்டும் கட்டிக்கொடுத்தால் பழக்கம் மாறாது. இந்த மூன்றாம் கட்டம் காலியாக இருக்கும்வரை உங்கள் ஆய்வில் இணைப்பு நடக்கவில்லை.

எண்ணும் பேச்சும் முரண்பட்டால் எதையும் தூக்கிப்போடாதீர்கள். இரண்டும் ஒரே ஆட்களிடம், ஒரே பொருளில் கேட்கப்பட்டனவா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால், அந்த முரணையே கேள்வியாக்கி மறுபடி தரவுக்குப் போங்கள். சில பேரிடம் பேசியது ஊருக்கே பொருந்துமா என்ற ஆட்சேபம் நியாயமானது. பொருந்தும் என்று சொல்லவே கூடாது; பத்துப் பேரில் ஏழு பேர் சொன்னதை 70 சதவீதம் என்று எழுதுவது பிழை. எத்தனை பேர் என்பதற்குக் கணக்கெடுப்பு பொறுப்பு, எப்படி, ஏன் என்பதற்கு நேர்காணல் பொறுப்பு. இரு முறைகளின் தத்துவமே வேறு, சேராது என்பார்கள் சிலர். தத்துவங்களைச் சேர்க்கத் தேவையில்லை; ஒரே கேள்விக்கு வந்த இரு விடைகளை, எது எங்கிருந்து வந்தது என்று குறித்து, அருகருகே வைத்தால் போதும்.

கேள்வித்தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லையென்றால், அந்த மூன்று கட்டங்களை இன்றே வெறுமையாக வரைந்துவிடுங்கள். எந்த வரிசையையும் நிரப்பாத கேள்வியை எடுத்துவிடுங்கள்.