பூட்டை உடைக்காதீர்கள்
லினக்ஸ் அப்கிரேடு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டெபியனிலோ உபுண்டுவிலோ அப்கிரேடு பாதியில் நின்றதும் பலருக்கும் கை பரபரக்கிறது. தேடியதும் கிடைக்கும் முதல் கட்டளையை அப்படியே ஒட்டி, முன்னால் சூடோ சேர்த்து ஓட்டிவிடுகிறார்கள். பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அந்தக் காரணத்தைத் திரையிலேயே எழுதியும் வைத்திருக்கும். நின்றுபோன அப்கிரேடால் கெட்ட கணினிகளைவிட, அதற்குச் செய்த அவசர வைத்தியத்தால் கெட்டவையே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

நம்பிக்கை: லாக் கோப்பை அழித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும்.

மிகப் பரவலான, மிக ஆபத்தான அறிவுரை இதுதான். அந்தக் கோப்பு இருப்பதையே பூட்டு என்று எண்ணுவதால் வந்த வினை. ஆப்ட்டுக்கு அடியில் பேக்கேஜ்களைப் பிரித்து அமைக்கும் டிபிகேஜியின் லாக் கோப்பு எந்த வேலையும் நடக்காதபோதும் தன் இடத்தில்தான் இருக்கும். ஓடும் புரோகிராம் அந்தக் கோப்பின்மேல் கெர்னலிடம் கேட்டுப் பெறும் உரிமைதான் உண்மையான பூட்டு. புரோகிராம் முடிந்தாலும் சரி, நடுவில் செத்தாலும் சரி, கெர்னல் அந்த உரிமையைத் தானாகவே விடுவித்துவிடும். 'பழைய பூட்டு மாட்டிக்கொண்டது' என்ற நிலையே இங்கே கிடையாது. லாக் கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால், வேறொரு புரோகிராம் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

இப்போது கோப்பை அழித்தால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் புரோகிராமின் பூட்டு, பெயரிழந்த பழைய கோப்பின்மேல் அப்படியே நிற்கும். நீங்கள் ஓட்டும் ஆப்ட் அதே பெயரில் புதுக் கோப்பை உருவாக்கிப் பூட்டிக்கொண்டு, தான் மட்டுமே இருப்பதாக நம்பி உள்ளே நுழையும். எந்த பேக்கேஜ் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ஒரே கணக்குப் புத்தகம் டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் கோப்பு. அதில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

உள்ளே இருப்பது யார்? கணினியைப் போட்ட சிறிது நேரத்தில் இந்தச் செய்தி வந்தால், உபுண்டுவில் பெரும்பாலும் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்'தான். பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவும் அந்தப் புரோகிராமை நடுவில் கொல்லவும் கூடாது. புதிய ஆப்ட் அதன் பெயரையும் செயல்முறை எண்ணையும் திரையிலேயே காட்டுகிறது. காத்திருங்கள். ஸ்கிரிப்ட்டில் ஓட்டுவதானால் 'டிபிகேஜி::லாக்::டைம்அவுட்' என்ற அமைப்பில் விநாடிகளைக் கொடுத்தால் ஆப்ட்டே காத்திருக்கும்.

நம்பிக்கை: நடுவில் கரண்ட் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால் செய்ய வேண்டியதுதான்.

டிபிகேஜி புதுக் கோப்புகளை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, பிறகே சரியான பெயருக்கு மாற்றுகிறது. பிரித்தாயிற்றா, அமைத்தாயிற்றா என்று ஒவ்வொரு பேக்கேஜின் நிலையையும் குறித்துக்கொண்டே போகிறது. அதனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். முதலில் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அடுத்து 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. பெரும்பாலும் இந்த இரண்டே போதும். ஸ்டேட்டஸ் கோப்பே சிதைந்திருந்தாலும் அதன் பழைய பிரதிகள் 'வார்' கோப்புறைக்குள் 'பேக்கப்ஸ்' என்ற இடத்தில் இருக்கும்.

இதிலும் தீரவில்லை என்றால் திரையின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். 'துணைச் செயல்முறை பிழைக்குறி 1 தந்தது' என்ற அந்த வரியிலிருந்து எதுவும் தெரியாது. காரணம் அதற்கு மேலே, முதலில் வந்த பிழையில் இருக்கிறது. திரை ஓடிவிட்டிருந்தால் ஆப்ட்டின் பதிவுகளில் 'டெர்ம்.லாக்' கோப்பைத் திறந்தால் முழுவதும் அப்படியே கிடைக்கும். அடிக்கடி தென்படும் காரணம் இடப்பற்றாக்குறை, குறிப்பாகப் பழைய கெர்னல்களால் நிரம்பிய 'பூட்' பகிர்வு. அங்கே போய்க் கோப்புகளைக் கையால் அழிக்கக் கூடாது. அழித்தது டிபிகேஜிக்குத் தெரியாது. 'ஆட்டோரிமூவ்' கட்டளை பழைய கெர்னல் பேக்கேஜ்களை முறையாக நீக்கும்.

நம்பிக்கை: 'கெப்ட் பேக்' என்று வந்தால் ஏதோ பழுது; வற்புறுத்தி நிறுவ வேண்டும்.

உபுண்டு பல சாதாரணத் திருத்தங்களை எல்லோருக்கும் ஒரே நாளில் தருவதில்லை. சிறு பகுதியினருக்குத் தந்து, கோளாறு வருகிறதா என்று பார்த்து, படிப்படியாக விரிக்கிறது. 21.04 பதிப்பு முதல் ஆப்ட்டும் இதைப் பின்பற்றுகிறது. உங்கள் முறை வரும்வரை அந்த பேக்கேஜ் காத்திருக்கும், அவ்வளவுதான்.

வேறொரு பேக்கேஜை நீக்கினால்தான் புதியதை நிறுவ முடியும் என்ற நிலையிலும் 'அப்கிரேடு' நிறுத்திவைக்கும். 'ஃபுல்-அப்கிரேடு' நீக்கத் தயங்காது. ஆகவே நீக்கப்படுபவை பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' அழுத்தக் கூடாது. 2021 நவம்பரில் வெளியான வீடியோவில், யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப்!_ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் செயலியை நிறுவப்போனபோது, டெஸ்க்டாப்பையே நீக்கப்போவதாக ஆப்ட் எச்சரித்தது. உறுதிமொழி வாக்கியத்தைத் தட்டச்சு செய்து ஒப்புக்கொண்டார். டெஸ்க்டாப் போயே போய்விட்டது. பழி அவர்மேல் மட்டும் இல்லை. பேக்கேஜ்களில் இருந்த முரண்பாடுதான் மூலக் காரணம். அதே மாதம் ஆப்ட்டும் இத்தகைய நீக்கத்தை எளிதில் அனுமதிக்காதபடி திருத்தப்பட்டது.

நம்பிக்கை: வெர்ஷன் எண் பழையது என்றால் பாதுகாப்பு ஓட்டை அடைபடவில்லை.

2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டது. மூல நிரலாளர்கள் 1.0.1ஜி பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். டெபியன் 7 வைத்திருந்ததோ 1.0.1இ. அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே சேர்த்து, 1.0.1இ-2+டெப்7யு5 என்று வெளியிட்டது. முன்பகுதியை மட்டும் பார்த்தவர்கள் பதறினார்கள். வாலில் இருக்கும் அந்த 'யு5' தான் பார்க்க வேண்டிய இடம். பதறிப்போய் மூலநிரலை இறக்கித் தாங்களே தொகுத்து நிறுவினால், அடுத்து வரும் திருத்தங்கள் அதற்கு வந்து சேராது.

புதியதே பாதுகாப்பானது என்பதும் உறுதியில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு வைத்த பின்கதவு அம்பலமானது. டெபியனின் சோதனைக் கிளைகளில் அது நுழைந்திருந்தது. நிலையான பதிப்பில் இல்லை. சோதனைக் கிளையில் பழைய நிரலுக்குத் திரும்பும்போதும் எண்ணைக் குறைக்க முடியாது, ஏனென்றால் பெரிய எண்ணைத்தான் ஆப்ட் புதியது என்று கொள்ளும். ஆகவே '5.6.1+ரியலி5.4.5' என்று பெயரிட்டார்கள்.

நம்பிக்கை: லினக்ஸில் ரீஸ்டார்ட் தேவையே இல்லை.

கோப்பு மாறிவிடும், ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவை பழைய நூலகத்தையே நினைவகத்தில் வைத்திருக்கும். ஹார்ட்பிளீட் நாட்களில் பேக்கேஜைப் புதுப்பித்துவிட்டு வெப் சர்வரை அப்படியே விட்டவர்களின் ஓட்டை திறந்தேதான் இருந்தது. அடுத்து வந்த 'யு6' பேக்கேஜில், மறுதொடக்கம் தேவைப்படும் சேவைகளைக் கண்டுபிடிக்கும் வசதியை டெபியன் சேர்த்தது அதனால்தான். இன்று 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி அந்தப் பட்டியலைத் தருகிறது. கெர்னலே மாறியிருந்தால் கணினியை ரீபூட் செய்தாக வேண்டும்.