குஞ்சுக் கொட்டகையில் வாயு வெப்பக் கருவி

பொரித்து வெளிவந்த கோழிக்குஞ்சுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி கிடையாது. தாய்க்கோழியின் சிறகுக்குள் இயற்கையாய்க் கிடைக்கும் வெப்பத்தை, ஆயிரக்கணக்கில் குஞ்சு வளர்ப்போர் செயற்கை முறையில் அளிக்க வேண்டியவராகின்றனர். முதல் வாரத்தில் குஞ்சுகள் நிற்குமிடத்தில் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி வீதம் குறைத்து வருதல் வழக்கம். இதற்கென நாமக்கல், பல்லடம் முதலிய பகுதிகளில் அநேக பண்ணைகளில் ‘கேஸ் புரூடர்’ என வழங்கும் வாயு வெப்பக் கருவி உபயோகிக்கப்பட்டு வருகிறது. மின்சாரம் தடைப்படினும் இது நில்லாது. கையாளும் முறையில் அசிரத்தை நேர்ந்தால், குஞ்சுகளோடு மனித உயிருக்கும் நஷ்டம் விளையும்.

வாயுவின் தன்மை

சிலிண்டரில் அடைபட்டிருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவையாகும். அழுத்தத்தினால் அது திரவமாக இருக்கிறது. வெளிவருங்கால் சுமார் 250 மடங்கு விரிந்து வாயுவாகிறது. அதற்கு இயற்கையில் மணமில்லை. கசிவை அறிவதற்காகவே துர்நாற்றமுள்ள பொருளொன்று அதில் சேர்க்கப்படுகிறது. அது காற்றினும் கனமானது; ஆகையால் கசிந்த வாயு மேலே எழும்பாது, தரையோடு பரவிப் பள்ளங்களில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே தீப்பற்றக் கூடியது.

காற்றோட்டமே பிரதானம்

மார்கழி, தை மாதங்களின் பனிக்கு அஞ்சியும், வாயுச் செலவைக் குறைக்கக் கருதியும், கொட்டகையின் படுதாக்களை நான்கு புறமும் இறுக மூடிவிடுவோர் உண்டு. இக்கருவியைப் பற்றிய தவறுகளுள் இதுவே மிகக் கொடியது.

ஒரு கிலோ வாயு முழுமையாக எரிவதற்குச் சுமார் 13 கன மீட்டர் காற்று வேண்டும். எரிந்த பின் அதிலிருந்து ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயுவும், 1½ கிலோ நீராவியும் உண்டாகின்றன. புரூடருக்குப் புகைபோக்கி கிடையாது. ஆதலால் இவையனைத்தும் கொட்டகைக்குள்ளேயே விடப்படுகின்றன. மூடிய கொட்டகையில் உமி ஈரமாகிக் கட்டிபடுவதும், அமோனியா நெடி கண்ணை எரிப்பதும் பெரிதும் இதனாலேயே. ஈரம் மிகுந்தவிடத்தில் இரத்தக் கழிச்சல் நோய் எளிதில் பரவும். பிராணவாயு குறைந்தவிடத்தில் வளரும் குஞ்சுகளுக்குப் பின்னாளில் வயிற்றில் நீர் கோத்தலும் காணும்.

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. காற்றுப் போதாமல் எரியும் வாயு கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவை உண்டாக்குகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை அதன் அறிகுறிகள். உறங்குபவன் இவற்றை உணராமலே உயிர் துறக்க நேரிடும். ஆகையால், இரவுக் காவலாளை எக்காரணத்தாலும் புரூடர் எரியும் கொட்டகைக்குள் உறங்க விடலாகாது. கரியடுப்புக்கும் இவ்விதி முற்றும் பொருந்தும்.

படுதாவைக் கீழ்ப்புறம் கட்டி, மேற்புறம் இறக்கித் திறக்குமாறு அமைத்தல் நன்று. குஞ்சுகளின் மட்டத்தில் குளிர்காற்று வீசாதபடி கீழே மூடி, கூரையை ஒட்டி அரை அடி முதல் ஒரு அடி வரை இரு பக்கமும் எந்நேரமும் திறந்து வைக்க வேண்டும். இதனால் சற்று வாயு அதிகம் செலவாகலாம். குஞ்சுச் சேதத்தை நோக்க அச்செலவு அற்பமே.

கருவியை அமைத்தல்

புரூடரை உறுதியான விட்டத்தில் சங்கிலியால் தொங்கவிட வேண்டும். வாயுக் குழாயில் அதன் பாரம் தாங்கலாகாது. உயரத்தைத் தயாரிப்பாளர் குறித்த அளவிற்குக் குறைக்கலாகாது. தாழ்ந்து தொங்கும் புரூடரின் கீழ் காய்ந்த உமியும் காகிதமும் கருகித் தீப்பற்றும். தென்னங்கீற்றுக் கொட்டகைகளில் இக்கருவியைத் தவிர்த்து, மின்விளக்குகளைக் கொண்டு சூடளித்தலே உசிதம்.

சிலிண்டரைக் கொட்டகைக்கு வெளியே, நிழலும் காற்றும் உள்ள சமதரையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்க வைத்தால் திரவமே குழாயில் பாய்ந்து சுவாலை பெருகும். பள்ளம், கிணற்றங்கரை, சாக்கடை ஆகியவற்றின் அருகே வைத்தல் ஆகாது. அதிகாலையில் வாயு குன்றிச் சிலிண்டரின்மேல் பனி படர்வதுண்டு. அப்பொழுது வெந்நீர் ஊற்றுவதும், வைக்கோல் கொளுத்திச் சூடேற்றுவதும் உயிருக்கு உலை வைக்கும் செயல்களாம். இரு சிலிண்டர்களை விநியோகஸ்தர் மூலம் இணைத்துக்கொள்வதே தக்க பரிகாரம்.

ஏற்றுதலும் அணைத்தலும்

முதலில் நெருப்பைக் காட்டி, பின்னரே வாயுவைத் திறக்க வேண்டும். உடனே பற்றாவிடில் வாயுவை மூடி, ஐந்து நிமிஷம் காற்றோட விட்டு மறுபடி முயல வேண்டும். அணைக்கையில் சிலிண்டர் வால்வை முதலில் மூடினால், குழாயிலுள்ள வாயு எரிந்து தீரும். சுவாலை அவிந்தவுடன் வாயுவைத் தானே நிறுத்தும் சாதனம் சில கருவிகளில் உண்டு. அதனைக் கம்பியால் கட்டிச் செயலறச் செய்வோர் தம் காவலைத் தாமே நீக்கிக்கொள்பவராவர்.

சூடு சரியா என்பதைக் குஞ்சுகளே தெரிவிக்கும். புரூடரின் கீழ் நெருக்கியடித்துக் கத்தினால் சூடு குறைவு. விலகி ஓரத்தில் ஒதுங்கி வாய்திறந்து இளைத்தால் மிகுதி. ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் குளிர்காற்று புகுகிறது. எங்கும் சீராய்ப் பரவி மேய்ந்தால் வெப்பம் சரியாயுள்ளது.

பராமரிப்பு

சுவாலை நீலமாக எரிய வேண்டும். பீங்கான் தட்டுள்ள கருவியாயின் தட்டு முழுவதும் ஒரே சீராய்ச் சிவந்து காண வேண்டும். மஞ்சள் சுவாலையும் கரிப் படிவும் காற்றுத் துவாரங்கள் அடைபட்டமைக்கு அடையாளம். உமித்தூசியும் இறகுத்தூளும் அங்கே படிவது இயல்பு. ஆகையால் ஒவ்வொரு குஞ்சுத் தொகுதிக்கு முன்பும், இடையில் தேவைப்பட்டபோதும், ஆறிய கருவியை மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும். நுனித் துளையில் கம்பியைச் செருகினால் துளை அகன்று சுவாலையின் அளவு கெடும்.

குழாய் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றதாயிருத்தல் வேண்டும். வெடிப்போ, எலிக்கடியோ கண்டால் ஒட்டுப்போடாமல் உடனே மாற்ற வேண்டும். இணைப்புகளைச் சோப்புநீர் தடவிச் சோதித்தல் முறை; குமிழி எழுமிடமே கசிவிடம். தீக்குச்சியால் சோதித்தல் மதியீனம். சிலிண்டரின் கழுத்துத் தகட்டில் மறு சோதனைக் காலம் குறிக்கப்பட்டிருக்கும். A, B, C, D என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் முறையே ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிப்பன. அதன் பக்கத்து எண் ஆண்டைக் குறிக்கும். காலங்கடந்த சிலிண்டரை ஏற்கலாகாது.

வாயு கசிந்தால்

சிலிண்டர் வால்வை மூடி, அருகிலுள்ள நெருப்பை அணைத்து, படுதாக்களைத் தரைவரை திறந்துவிட வேண்டும். மின்விசையைப் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. சிறு பொறியும் போதும். பின்னர் வெளியே வந்து, 2016-ஆம் ஆண்டு முதல் வாயுக் கசிவுக்கென ஏற்பட்டுள்ள 1906 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தீப்பற்றினால் 101-க்குத் தெரிவிக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவனை மீட்கச் செல்வோர் படுதாவைத் திறந்த பின்னரே உட்புகுந்து, அவனைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

வீட்டுச் சமையலுக்கென வழங்கப்படும் 14.2 கிலோ சிலிண்டரைப் பண்ணையில் உபயோகிப்பது சட்ட விரோதம். பண்ணைக்கு உரியது 19 கிலோ சிலிண்டர். லைசென்சு இன்றி ஒரே சமயத்தில் 100 கிலோவுக்கு மேல் இவ்வாயுவைச் சேமித்து வைத்தலும் கூடாது. குஞ்சுப் பருவத்தில் பண்ணைகளைப் பார்வையிடும் அதிகாரிகள், சிலிண்டர் வெளியே உள்ளதா, காவலாளுக்குத் தனி இடம் உண்டா, படுதாவின் மேற்புறம் திறந்திருக்கிறதா என்னும் மூன்றையும் விசாரித்து அறிவுறுத்துவாராயின் பெரும் விபத்துக்கள் தவிர்க்கப்படும். குஞ்சுகளை இழந்தால் மறு தொகுதியில் ஈடு செய்துகொள்ளலாம். காவலாளின் உயிருக்கு ஈடு கிடையாது.